கேஸ் ஷீட்டில் எழுதும் ஒரு வரி: மருத்துவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசு செலவில் எல்லோருக்கும் மருத்துவம் என்ற பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும், ஆட்சியில் இருப்பவர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது உங்கள் பக்கம்தான். நீங்கள் சரி என்றால் அது நடக்கிறது. முரண்டு பிடித்தால் வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது. அதனால்தான் இதை அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன். நோயாளியின் பாலிசி, நீங்கள் எழுதும் கேஸ் ஷீட், காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் கேள்விகள், இந்த மூன்றுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: தனியார் காப்பீட்டை நம்பி நடக்கும் மருத்துவத்தில் கெட்டுப்போவது நோயாளியின் சேமிப்பு மட்டுமல்ல. அவர் உங்களிடம் உண்மையைப் பேசும் தைரியமும் கெட்டுப்போகிறது. அரசு நிதியா, தனியார் காப்பீடா என்ற விவாதத்தில் பிரீமியம், வரி, பட்ஜெட் எல்லாம் பேசப்படுகின்றன. இதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

என்ன சொல்கிறேன் என்பதற்கு, என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வந்த ஒரு வகைக் கோப்பைக் காட்டுகிறேன். நெஞ்சுவலி என்று ஒருவரை இரவில் அழைத்து வருகிறார்கள். பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கேட்கிறார்: சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருடமாக? வலியில் துடிப்பவர் "ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்கிறார். மருத்துவர் அதை அப்படியே எழுதிவிட்டு ஈசிஜி பார்க்கப் போகிறார். அவரைப் பொறுத்தவரை அது சிகிச்சைக்குத் தேவையான ஒரு தகவல், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது. பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகிறது. விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் பற்றிக் குறிப்பிடவில்லை. பத்து வருடமாக இருக்கிறது என்று மருத்துவமனையின் பதிவே சொல்கிறது. ஆகவே நோயை மறைத்துப் பாலிசி எடுத்ததாகக் கருதி, கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

அப்புறம் அவருடைய மனைவி என்னிடம் வருவார். "வலியில ஏதோ சொல்லிட்டாருங்க. நாலு வருஷமாத்தான் மாத்திரை சாப்பிடுறாரு. டாக்டர்கிட்ட சொல்லி அந்தப் பத்துங்கிறதை மட்டும் மாத்தித் தரச் சொல்லுங்க." மருத்துவர் என்ன செய்ய முடியும்? திருத்தினால் ஆவணத்தைத் திருத்திய குற்றம் அவர் மேல் விழும். திருத்தாவிட்டால் ஒரு குடும்பம் கடனில் விழும். சிலர், 'நோயாளி தோராயமாகச் சொன்னது, இதற்குப் பழைய பதிவு எதுவும் இல்லை' என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தருவார்கள். சிலர் எரிந்து விழுவார்கள். நியாயமான கோபம்தான். இதற்காகவா அவர்கள் படித்தார்கள்?

அந்தக் கிளெய்ம் கடைசியில் கிடைத்ததா இல்லையா என்பதைவிட, அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தக் குடும்பம் இனி எந்த மருத்துவரிடமும் முழு உண்மையைச் சொல்லாது. சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவைக்கும்: "எது கேட்டாலும் முன்னாடி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடு." எப்போதோ வந்த வலிப்பு, மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட மாத்திரை, அப்பாவுக்கு நாற்பது வயதில் வந்த மாரடைப்பு, எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேள், பாதி நோய் அங்கேயே பிடிபடும் என்றுதானே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் தனக்கு எதிரான சாட்சியமாகலாம் என்று பயப்படுகிறவரிடம் நீங்கள் எதைக் கேட்டறிய முடியும்?

காப்பீட்டு நிறுவனங்களில் இருப்பவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. இப்படித் துருவாவிட்டால் அந்த வியாபாரம் நிற்காது. தனக்கு நோய் இருப்பது தெரிந்தவர் பாலிசி எடுக்க விரைவார். திடமாக இருப்பவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். சேர்ந்தவர்களில் நோயாளிகள் அதிகம் என்றால் பிரீமியம் ஏறும். ஏறினால் இன்னும் கொஞ்சம் திடமானவர்கள் விலகுவார்கள். மறுபடியும் ஏறும். இதிலிருந்து தப்பிக்கத்தான் காத்திருப்புக் காலம், பழைய நோய்களுக்கு விலக்கு, வயது வரம்பு, கேஸ் ஷீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது எல்லாம். பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மருத்துவம் ஏன் மற்றச் சந்தைப் பொருள்கள் போல நடந்துகொள்வதில்லை என்று விளக்கினார். எப்போது தேவைப்படும் என்பது தெரியாது, வாங்குவது நல்லதா என்று சோதித்துப் பார்க்கவும் வாங்குபவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புவது மருத்துவர் மேல் வைக்கும் நம்பிக்கைதான் என்பது அவருடைய வாதத்தின் முக்கியமான பகுதி. காப்பீட்டு வியாபாரம் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது.

'சட்டம் போட்டுச் சரிசெய்யலாமே' என்று உங்களில் பலர் கேட்பீர்கள். செய்யலாம், செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2014இலிருந்து பழைய நோயைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்க முடியாது. வாங்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதத்தைச் சிகிச்சைக்கே செலவழிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. நெதர்லாந்தில் 2006இலிருந்து அடிப்படைக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள்தான் தருகின்றன. ஆனால் வருகிற யாரையும் மறுக்கக் கூடாது. ஒரே பாலிசிக்கு இளைஞருக்கும் முதியவருக்கும் ஒரே பிரீமியம். நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1996இலிருந்து நடப்பில் உள்ள சட்டம், அடிப்படைக் காப்பீட்டில் லாபம் பார்ப்பதையே தடைசெய்கிறது. ஜெர்மனியில் 1883இல் அன்றைய சான்சலர் பிஸ்மார்க் தொடங்கிவைத்த நோய்க்காப்பு நிதியங்கள் இன்றும் மக்களில் பத்தில் ஒன்பது பேரைத் தாங்குகின்றன. சம்பளத்துக்கு ஏற்பத்தான் கட்டணம், நோய்க்கு ஏற்ப அல்ல.

நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளைக் காட்டி, பார்த்தீர்களா, அரசு நிதியில் மருத்துவம் நடத்தாமலே எல்லோருக்கும் சிகிச்சை கொடுக்க முடிகிறதே என்று வாதிடுகிறார்கள். முடிகிறதுதான். எப்படி முடிகிறது என்று பாருங்கள். எல்லோரும் கட்டாயம் சேர வேண்டும். கட்ட முடியாதவருக்கு அரசு கட்ட வேண்டும். நிறுவனம் யாரையும் ஒதுக்கக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துவிட்டால் மிஞ்சுவது பெயருக்குத் தனியார் காப்பீடு, நடைமுறையில் வரி. என்னைக் கேட்டால், அரசு, தனியார் என்று பெயர்ப்பலகையைப் பார்த்துச் சண்டை போடுவது வீண். நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கழித்துக்கட்டும் உரிமை யாரிடமாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த உரிமை இருக்கும் வரை உங்கள் கேஸ் ஷீட் மருத்துவ ஆவணமாக மட்டும் இருக்காது.

அந்த உரிமையைச் சட்டத்தால் பிடுங்கினாலும், பிடியை விடாமல் வைத்திருக்க வேறு வழிகளும் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்நாட்டு மருத்துவர்களிடம் தொடர்ந்து எடுத்துவரும் கணக்கெடுப்பைப் பாருங்கள். சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்கும் வேலை ஒரு மருத்துவருக்கு வாரத்தில் 40 தடவை அளவுக்கு வருகிறது. மருத்துவரும் அவருடைய ஊழியர்களும் சேர்ந்து அதற்கே 12, 13 மணி நேரம் செலவிடுகிறார்கள். இதனால் சிகிச்சை தாமதமாகிறது என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொல்கிறார்கள். 2017ஆம் ஆண்டை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் மருத்துவத்துக்கு ஆகும் செலவில் 34 சதவீதம் நிர்வாகத்துக்கே போனது. ஒரே அரசு நிதியம் பணம் தரும் கனடாவில் அது 17 சதவீதம். ஆய்வு செய்தவர்கள் அரசு நிதிக்கு ஆதரவானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு பக்கமும் எத்தனை பேர் உட்கார்ந்து ஒரே பில்லைப் பற்றி வாதாடுகிறார்கள் என்பதை நேரில் பார்த்தவனுக்கு அந்த எண் ஆச்சரியம் தரவில்லை. மருத்துவமனையில் என்னைப் போன்றவர்கள், அந்தப் பக்கம் எங்களுக்கு மறுப்பு எழுதுபவர்கள், நடுவில் முகவர் நிறுவனங்கள். இதில் யாரும் ஒரு நோயாளிக்குக் கட்டுக்கூடப் போட்டதில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழித்தும் அமெரிக்காவில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் காப்பீடே இல்லாமல் இருக்கிறார்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இப்போது பல நிறுவனங்களுக்குப் பதில் சொல்கிறோம், நாளை ஒரே எஜமானுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அவன் வைத்ததே சட்டம், கொடுத்ததே சம்பளம் என்ற பயம். இது புதிய பயமும் அல்ல. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, பிப்ரவரியில், அந்த நாட்டு மருத்துவச் சங்கம் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தார்கள். அமைச்சர் அனூரின் பெவன் பேசினார், இறங்கி வந்தார். குடும்ப மருத்துவர்கள் அரசு ஊழியர்களாக மாற வேண்டியதில்லை, ஒப்பந்தத்தில் தனித்தே இயங்கலாம் என்றானது. சிறப்பு மருத்துவர்கள் தனியாகவும் நோயாளிகளைப் பார்க்கலாம் என்றானது. இன்று அந்தச் சேவையைக் கைவிடப் பார்க்கிறார்கள் என்றால் முதலில் குரல் கொடுப்பது அதே சங்கம்தான்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இன்னும் கடுமையாக நடந்தது. 1962 ஜூலை 1 அன்று அரசின் மருத்துவத் திட்டம் அமலுக்கு வந்த அதே நாளில் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 23 நாள் நீடித்தது. பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்துச் சமாளித்தார்கள். கடைசியில் உடன்பாடு வந்தது: திட்டம் இருக்கும், மருத்துவர்கள் தனித்தொழில் செய்பவர்களாகவே இருந்து, பார்த்த நோயாளிக்குக் கணக்கு அனுப்பிப் பணம் பெறலாம். கனடாவில் பெரும்பாலான மருத்துவர்கள் இன்றும் அரசுச் சம்பளக்காரர்கள் அல்ல. இன்னொன்றும் உண்டு. தேசிய அளவில் இதை ஆராயும்படி ஒரு குழுவை அமைக்கச் சொல்லி அரசிடம் கேட்டதே கனடா மருத்துவச் சங்கம்தான். நீதிபதி எம்மெட் ஹால் தலைமையில் அமைந்த அந்தக் குழு 1964இல் அறிக்கை தந்தபோது, சஸ்காட்செவன் வழியில் நாடு முழுதும் போக வேண்டும் என்றது. 1966இல் சட்டம் வந்தது.

சஸ்காட்செவன் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர், அந்த மாகாணத்தின் முதல்வராக இருந்த டாமி டக்ளஸ். சிறுவனாக இருந்தபோது எலும்பில் சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டும் என்ற நிலை. குடும்பத்திடம் பணம் இல்லை. ஓர் அறுவை மருத்துவர், தன் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள அனுமதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்று முன்வந்து காலைக் காப்பாற்றினார். மருத்துவர்களுக்கு இதைவிட நல்ல பெயர் தரும் கதை இல்லை. உங்களில் எத்தனையோ பேர் ஓசைப்படாமல் இதைச் செய்கிறீர்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் டக்ளஸ் வளர்ந்த பின் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. நல்ல மனசுக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் அந்த வார்டில் இருந்தார் என்ற அதிர்ஷ்டத்தில் ஒரு குழந்தையின் கால் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தார். எனக்கு அந்த முடிவுதான் சரி என்று படுகிறது. நீங்கள் தரும் தள்ளுபடி பெரிய மனசு. அது நோயாளியின் உரிமை ஆகிவிடாது.

எதிர்த்துவிட்டுப் பிறகு ஏற்றுக்கொண்ட மருத்துவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்னே நின்று கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் 2002இல் எல்லோருக்கும் மருத்துவம் என்ற திட்டம் வந்ததற்குப் பின்னால் கிராமப்புற மருத்துவர்களின் இயக்கம் இருந்தது. அந்தத் திட்டத்தை வடிவமைத்த சங்குவன் நித்தயாரம்போங் கிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்த மருத்துவர். தொடக்கத்தில் ஒரு வருகைக்கு 30 பாட் மட்டும் கட்டினால் போதும், பெரிய நோய்க்கும் அதே 30 பாட்தான். பிரேசிலில் 1988ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் மருத்துவம் எல்லோருக்கும் உரிமை, அரசின் கடமை என்று எழுதவைத்ததில் அங்கிருந்த பொதுச் சுகாதார மருத்துவர்களின் பங்கு பெரியது. அவ்வளவு ஏன், அமெரிக்காவிலேயே உள்நோய் மருத்துவர்களின் மிகப் பெரிய அமைப்பு 2020 ஜனவரியில், ஒரே அரசு நிதியமோ, விரும்புகிறவர்கள் சேரக்கூடிய அரசுக் காப்பீடோ வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அரசு நிதியில் நடக்கும் மருத்துவத்தில் குறையே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் இந்த மடலை இங்கேயே மடித்து வைத்துவிடலாம். குறை உண்டு, பெரிய குறைகள் உண்டு. இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்போர் பட்டியல் 2023இல் 77 லட்சத்தைத் தாண்டியது. கனடாவில் இடுப்பு மூட்டு மாற்றக் காத்திருந்தவரும் ஒரு மருத்துவரும் தொடுத்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் கியூபெக் மாகாணத்தின் தனியார் காப்பீட்டுத் தடையை ரத்து செய்தது. வலியோடு மாதக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு வகைச் சிகிச்சை மறுப்புதான். பட்ஜெட்டில் கை வைக்க வேண்டிய நேரத்தில் ஆட்சியாளர்களுக்கு முதலில் கண்ணில் படுவது மருத்துவமனைதான் என்பதும் உண்மை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்த 77 லட்சம் என்ற எண் ஊருக்கே தெரியும். நாடாளுமன்றத்தில் கேட்கலாம், அதை வைத்துத் தேர்தலில் ஓட்டை மாற்றிப் போடலாம். பாலிசி கிடைக்காமல், பிரீமியம் கட்ட முடியாமல், கிளெய்ம் மறுக்கப்பட்டு, சிகிச்சையே வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் எந்த வரிசையிலும் நிற்பதில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எந்த நிறுவனமும் பட்டியல் வெளியிடுவதில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி என்று பல அரசுகள் இப்போது விரும்புவது, ஏழைகளுக்காக அரசே பிரீமியம் கட்டிக் காப்பீடு எடுத்துத் தருவது. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்தான், அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். சர்க்கரை நோயாளிக்கு மாதா மாதம் மாத்திரையும், காலில் புண் வருகிறதா என்று பார்க்கும் ஒரு செவிலியரும் தேவை. அதற்கு இந்தக் காப்பீட்டு அட்டையில் இடம் இல்லை. புண் முற்றி, விரல் கறுத்து, காலை எடுக்க வேண்டிய நாளில் அட்டை வேலை செய்யத் தொடங்குகிறது. என் மேசையில் கால் அகற்றும் அறுவைக்கு எந்தத் தகராறும் இல்லாமல் அனுமதி வந்திருக்கிறது. அந்தக் காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்துக்கு ஒரு பைசா வந்ததில்லை. வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே குடும்ப மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியது இதைத்தான் எனக்கு நினைவுபடுத்துகிறது: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் விட்ட இடங்களில் இது இன்னும் மோசமாகிறது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான், ஆனால் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டியது. அரசுத் திட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போடுவதற்குப் பதிலாக, எந்த நிபந்தனையில் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். சிகிச்சைக்கான தொகையை அரசு தானாக முடிவு செய்யாமல் உங்களோடு உட்கார்ந்து பேசி வருடா வருடம் நிர்ணயிக்க வேண்டும் என்று கேளுங்கள். பில்லை அனுப்பினால் இத்தனை நாளில் பணம் வர வேண்டும், தாமதமானால் வட்டியோடு வர வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சை தேவை என்பதில் அதிகாரி தலையிடக் கூடாது என்று கேளுங்கள், சக மருத்துவர்கள் தணிக்கை செய்யலாம் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் சஸ்காட்செவனிலும் உங்களுக்கு முன் இருந்தவர்கள் பேரம் பேசித்தான் இப்படிச் சிலவற்றைப் பெற்றார்கள். எதிர்ப்பில் காட்டிய பலத்தை அவர்கள் நிபந்தனைகளில் காட்டியபோதுதான் அது நடந்தது.

அரசுத் திட்டம் வரும் வரை, தனியார் காப்பீடு இருக்கிற இடங்களில் உடனே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவசரச் சிகிச்சையின்போது நோயாளி வாய்மொழியாகச் சொன்ன நோய் வரலாற்றை மட்டும் வைத்து எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. முன்பே நோய் இருந்தது என்று நிறுவனம் சொன்னால், பழைய பரிசோதனை அறிக்கையோ மருந்துச்சீட்டோ காட்டி நிரூபிக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கே இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை நோயாளி எழுதினால் குப்பைக்குப் போகும், என்னைப் போன்ற குமாஸ்தா எழுதினாலும் அப்படித்தான். மருத்துவர் சங்கத்தின் முத்திரையோடு போனால் ஒழுங்குமுறை ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவின் முன்னாள் ஊழியர் ஒருவர்